நர்சம்மா பதில்கள்: ஆபரேஷனுக்கு முன்னால் வேறு வழியே இல்லையா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயரில்லாதவை. பெயர் எழுதியிருந்தவர்களின் பெயரையும் நானே எடுத்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு 25 வயது. மூத்தவளுக்கு இரண்டரை வயது, இப்போது எட்டு மாதம். இந்தப் பிரசவத்தோடு ஆபரேஷனும் பண்ணிவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனது ஒப்பவில்லை. காப்பர்-டி வைத்துக்கொள்ளலாமே என்று எங்கள் நர்ஸ் சொன்னார். “அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடும்” என்று மாமியார் பயமுறுத்துகிறார். என்ன செய்யட்டும்?
வாசகி, திருமயம் வட்டம்

பதில்: மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் அம்மா காலத்துப் பயம் அது. 1965-இல் நம் நாட்டில் ‘லூப்’ வந்தது, காப்பர்-டி போலவே கருப்பைக்குள் வைக்கிற கருத்தடைச் சாதனம். அவசர அவசரமாக வைத்தார்கள், வைத்த பிறகு திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. ரத்தப்போக்கோடு வீட்டில் கிடந்த பெண்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்திருப்பார்கள். அந்தக் கதைதான் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

காப்பர்-டி நெஞ்சுக்கெல்லாம் போகாது. கருப்பை ஒரு மூடிய பை. வைக்கிற நேரத்தில் அதன் சுவரில் குத்திவிடுவது மிக மிக அரிதாக நடப்பதுண்டு. அப்படி நடந்தாலும் வயிற்றுக்குள்தான் கிடக்கும், ஸ்கேனிலோ எக்ஸ்ரேயிலோ தெரியும், எடுத்துவிடுவார்கள்.

பிரசவமான உடனே, நச்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள் வைப்பது ஒரு முறை. அது தவறினால் 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம். சிசேரியன் என்றால் தையல் போடுவதற்கு முன்பே வைத்துவிடலாம். இந்த நாட்களையும் விட்டுவிட்டால் ஆறு வாரம் கழித்துத்தான். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருந்தாலோ, ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ அப்போது வைக்க மாட்டார்கள். பிரசவத்தோடு வைத்த காப்பர்-டி தானாக நழுவி வந்துவிடும் வாய்ப்பு, பின்னால் வைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் ஆறாவது வாரம் கட்டாயம் போய்க் காட்டுங்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை தீட்டு கூடுதலாக இருக்கும், வலியும் இருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லாததால் இரண்டாவது மாதமே “எடுத்து விடுங்க” என்று வந்து நிற்பார்கள். 380ஏ என்ற வகை பத்து வருடம், 375 என்ற வகை ஐந்து வருடம் வேலை செய்யும். எது வைத்தார்கள் என்று கேட்டு, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் கணவர் கையெழுத்தெல்லாம் வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சில இடங்களில் கேட்காமலே வைத்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்று என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு. அது தப்பு. வலியில் துடிக்கும்போது “வைக்கட்டுமா?” என்று கேட்பதும் கேட்டதில் சேராது. உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இப்போதே முடிவெடுத்து, வைக்கச் சம்மதமா இல்லையா என்பதைப் பரிசோதனை அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. நம் ஊரில் இந்தக் கணக்கே வேறு. பிரசவத்துக்குத் தாய்வீடு போயாச்சு, பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறார், பத்தியச் சாப்பாடு ஓடுகிறது. அதோடு ஆபரேஷனும் முடிந்துவிட்டால் ஒரே படுக்கையாகப் போய்விடும். பிறகு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனால் குழந்தைகளை யார் பார்ப்பது, கடலை பிடுங்குகிற நேரத்தில் கூலிக்கு யார் போவது? இது நியாயமான கணக்குதான், நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் 25 வயது வரவில்லை. பிறக்கப்போகிற குழந்தையின் முதல் வருடமும் வரவில்லை. நம் கிராமங்களில் கல்யாணத்திலிருந்து ஆபரேஷன் வரைக்கும் இடையில் எதுவுமே கிடையாது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, திடீரென்று ஆபரேஷன். நடுவில் இத்தனை படி இருக்கிறது என்று சொல்லத்தான் எங்களைப் போன்றவர்களை வைத்தார்கள். நாங்களும் எத்தனை கேஸ் என்று மேலே கணக்குக் கொடுப்பதிலேயே பாதி காலத்தைக் கழித்தோம்.

என் யோசனை இதுதான்: இப்போது காப்பர்-டி. இளையது நன்றாக ஓடி விளையாடட்டும். அதன் பிறகும் இனி வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் ஆபரேஷன் எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: தாய்ப்பால் கொடுக்கிற வரைக்கும் கரு நிற்காது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
வாசகி, கறம்பக்குடி

பதில்: பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்கவேண்டும், தண்ணீர்கூடக் கொடுக்காமல் ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும், உங்களுக்குத் தீட்டு திரும்ப வராமல் இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் போச்சு. கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்த அன்றே வேறு வழி பார்த்துவிடுங்கள். தினமும் சாப்பிடுகிற மாலா-என் கருத்தடை மாத்திரை குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை வேண்டாம், பால் குறையலாம். ஹார்மோன் இல்லாத சாயா கருத்தடை மாத்திரை பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம்.

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை, ஒரு மாத லீவில் வருவார். பையனுக்கு மூன்று வயது. இரண்டாவது குழந்தை அடுத்த வருடம் வேண்டும், இந்த முறை வேண்டாம். புருஷன் வெளிநாட்டில் இருக்கும்போது மாத்திரை வாங்கினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தரா ஊசி போட்டுக்கொள்ளலாமா?
வாசகி, ஆலங்குடி பக்கம்

பதில்: ஊர் என்ன பேசும் என்று நன்றாகவே தெரியும். உங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வி இல்லாத தெருவே இல்லை.

ஊசி நல்ல ஊசிதான். மூன்று மாதத்துக்கு ஒன்று, அரசு மருத்துவமனையில் இலவசம், 2017-இலிருந்து கொடுக்கிறார்கள். போட்டது யாருக்கும் தெரியாது. ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்பேன். கடைசி ஊசி போட்ட பிறகு மறுபடி கரு நிற்கச் சராசரியாக ஏழிலிருந்து பத்து மாதம் ஆகும். தினமும் வீட்டில் இருக்கிற கணவர் என்றால் இது பெரிய விஷயம் இல்லை. உங்களுக்குக் கிடைப்பது வருடத்தில் ஒரே ஒரு மாதம். அந்த மாதத்தில் உடம்பு தயாராக இல்லையென்றால் இன்னொரு வருடம் போய்விடும். அப்புறம் “ஊசி போட்டதால் மலடாயிட்டா” என்று பழி வேறு.

உங்களுக்கு மாலா-என் பொருந்தும். அவர் வருவதற்கு முன் வருகிற தீட்டின் முதல் நாளில் ஆரம்பியுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தாலும் சரி. அட்டையில் 28 மாத்திரை இருக்கும். 21 கருத்தடை மாத்திரை, மீதி ஏழு இரும்புச்சத்து. தினம் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. லீவு நீண்டால் இடைவெளி விடாமல் அடுத்த அட்டை. அவர் கிளம்பிய பிறகும் கையில் இருக்கிற அட்டையை முடித்துவிட்டு நிறுத்துங்கள். இதில் கரு நிற்கும் தன்மை சீக்கிரம் திரும்பிவிடும். ஆரம்பிக்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். அழுத்தம் இருந்தாலோ, மஞ்சள்காமாலை இருந்தாலோ, கண் முன்னால் பளபளவென்று மின்னி ஒற்றைத் தலைவலி வருகிறவராக இருந்தாலோ இந்த மாத்திரை கூடாது.

உள்ளூர் நர்ஸிடம் வாங்கக் கூச்சமாக இருந்தால் சந்தைக்குப் போகிற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குங்கள். எந்த ஊர்க்காரரும் எங்கேயும் வாங்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கி வருகிறவர், ஆணுறைப் பெட்டி ஒன்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாம். ஏன் எல்லா யோசனையும் நம் தலையிலேயே விழவேண்டும்?

கேள்வி: மருமகள் ஆபரேஷனுக்குப் பிறகு குண்டாகிக்கொண்டே போகிறாள். ஆபரேஷன் கோளாறா?
பெயர் வேண்டாம், விராலிமலை

பதில்: இல்லை. அந்த ஆபரேஷன் கருக்குழாயை மட்டும்தான் தொடுகிறது, ஹார்மோன் அப்படியே இருக்கிறது. பிரசவப் பத்தியத்தில் ஊட்டிய நெய்யும் நல்லெண்ணெயும் எங்கே போகும்? தைராய்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவளிடம் ‘குண்டு’ என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் லோடுமேன். மனைவிக்கு இரண்டும் சிசேரியன். இரண்டாவது சமயம் ரத்தம் குறைவு என்று ஆபரேஷன் பண்ணாமல் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை அவள் வயிற்றில் கத்தி படவேண்டாம், நானே பண்ணிக்கொள்கிறேன் என்றேன். என் அம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறார். “மூட்டை தூக்கற உடம்பு, பலம் போயிடும்” என்கிறார். என் கூட்டாளிகள் வேறு மாதிரி கிண்டல் செய்கிறார்கள். பலம் போகுமா?
வாசகர், அறந்தாங்கி

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக்காட்டினேன்.

பலம் போகாது. எந்த பலமும் போகாது, கூட்டாளிகள் கிண்டல் செய்கிற பலமும் சேர்த்துத்தான். விந்தில் உயிரணு என்பது மிகச் சிறிய பங்கு. அது வருகிற இரண்டு குழாயை மட்டும் கட்டிவிடுகிறார்கள். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் கலப்பது, அதற்கு இந்தக் குழாயே தேவையில்லை. இப்போது செய்வது தழும்பில்லா முறை. கத்தி வைப்பதில்லை, சிறு துளை, தையலும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம். பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்கிற வேலை. இரண்டு சிசேரியன் ஆன வயிற்றில் ஒட்டுதல் இருந்தால் இன்னும் சிக்கல். இதைத்தான் உங்கள் அம்மாவிடம் சொல்லவேண்டும்.

இரண்டு நாள் நல்ல ஓய்வு, இறுக்கமான உள்ளாடை. ஒரு வாரம் மூட்டை தூக்கக் கூடாது, சைக்கிளும் வேண்டாம். உங்களுக்குக் கூலி போகும், எனக்குத் தெரியும். அரசு கொடுக்கிற ஊக்கத்தொகை பெண்ணுக்குக் கொடுப்பதைவிட ஆணுக்கு அதிகம், ஆனால் ஒரு லோடுமேனின் வாரக் கூலிக்கு ஈடாகுமா என்று கேட்காதீர்கள். வேலை குறைவான வாரமாகப் பார்த்துப் போங்கள். வருடா வருடம் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவார விழா நடத்துகிறார்கள். அப்போது போனால் டாக்டர் இல்லை, நாளைக்கு வா என்ற அலைச்சல் குறையும்.

மிக முக்கியம்: செய்த அன்றே பலன் வராது. குழாயில் ஏற்கெனவே இருக்கிற உயிரணு தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை. மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை செய்து, ‘இல்லை’ என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் நிம்மதி. இதைச் சொல்லாமல் விட்டுத்தான் பல வீடுகளில் சண்டை வந்திருக்கிறது.

இன்னொரு செய்தி உங்கள் கூட்டாளிகளுக்கு. 1950-களின் கடைசியில் சென்னை ராஜ்யத்தில் அரசு காசு கொடுத்து ஆபரேஷன் செய்யச் சொன்னது ஆண்களைத்தான். அப்போது நம் தாத்தாக்கள் பண்ணிக்கொண்டார்கள். 1976-77-இல் நெருக்கடி நிலையில், முக்கியமாக வட மாநிலங்களில், பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்கள். அந்த ஒரே வருடத்தில் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேல். அந்த அவமானத்துக்குப் பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் தைரியமாகத் திரும்பவில்லை, பாரம் முழுவதும் பெண்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது வெறும் 0.3 சதவீதம். நீங்கள் அந்த 0.3-இல் சேருகிறீர்கள். கிண்டல் செய்கிறவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

கேள்வி: நான்கு வருடம் முன்பு ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது 50 நாள் தள்ளிப்போயிருக்கிறது. வீட்டிலேயே பார்த்ததில் இரண்டு கோடு. கணவர் என்னோடு பேசவில்லை. என்ன நினைக்கிறார் என்று எழுதவே கூசுகிறது.
பெயர், ஊர் வேண்டாம்

பதில்: முதலில் உடம்பு. இன்றைக்கே ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாளைக்கு வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு நிற்கும் கரு சில சமயம் குழாயிலேயே தங்கிவிடும். அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, மயக்கம், தோள்பட்டை வலி எதுவும் வந்தால் 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது உங்கள் கணவருக்கு. ஐயா, இந்த ஆபரேஷன் ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்குத் தவறும். கட்டிய குழாய் மறுபடி ஒட்டிக்கொள்வது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கிய படிவத்திலேயே இது எழுதியிருக்கிறது. உங்களுக்கு வாசித்துக்காட்டாமல் விட்டிருப்பார்கள். தவறியது ஆபரேஷன். உங்கள் மனைவி எந்தத் தவறும் செய்யவில்லை. அரசே இதை ஒப்புக்கொண்டு இழப்பீடு கொடுக்கிறது. மனைவி மேல் சந்தேகப்படுகிற நேரத்தில் அவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள்.

இழப்பீட்டுக்கு, தெரிய வந்த 90 நாட்களுக்குள் மனுப் போடவேண்டும். ஆபரேஷன் சான்றிதழும், கரு உறுதியான ரிப்போர்ட்டும் தேவை. செய்த மருத்துவமனையில் கேளுங்கள், அவர்கள் இழுத்தடித்தால் மாவட்டக் குடும்ப நல அலுவலகம். (இதைப் படிக்கிற மற்றவர்கள் அந்தச் சான்றிதழைப் பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள்.) கருவைத் தொடர வேண்டாம் என்று நினைத்தால் சட்டம் அனுமதிக்கிறது. கருத்தடை தவறியது சட்டத்திலேயே சொல்லியிருக்கிற காரணம். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது நிரம்பியவர் என்றால் உங்கள் சம்மதம் ஒன்றே போதும், வேறு யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நீங்களே விழுங்கிவிடாதீர்கள், கரு குழாயில் இருந்தால் அது வேலையும் செய்யாது, ஆபத்தும் தீராது.

கேள்வி: இரண்டும் பெண். ஆபரேஷன் செய்தால் பெண் குழந்தைத் திட்டத்தில் பணம் வரும் என்கிறார்கள். மூன்றாவது ஒன்று பார்க்கலாம் என்கிறார் கணவர்.
வாசகி, கந்தர்வகோட்டை

பதில்: திட்டம் உண்மை. ஆண் குழந்தை இல்லாமல் இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய், ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய் அரசு வைப்புநிதியாகப் போடும். பெற்றோரில் ஒருவர் 40 வயதுக்குள் ஆபரேஷன் செய்திருக்கவேண்டும். ‘ஒருவர்’ என்பதைக் கவனியுங்கள், அது நீங்களாகத்தான் இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. இளையவளுக்கு மூன்று வயது முடிவதற்குள் விண்ணப்பிக்கவேண்டும். பி.டி.ஓ. ஆபீசில் சமூகநலப் பிரிவில் கேளுங்கள்.

ஆனால் பணத்துக்காக ஆபரேஷன் செய்யாதீர்கள். பிள்ளை போதும் என்று தோன்றினால் செய்யுங்கள், பணம் வந்தால் வரட்டும். மூன்றாவதும் பெண்ணானால் என்ன செய்வார் என்று கணவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். ஆணா பெண்ணா என்பது அவர் விந்தில் தீர்மானமாவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருவரும் பேசி முடிக்கும்வரை காப்பர்-டி.

கேள்வி: கல்யாணமாகி ஐந்து மாதம். பி.எட். கடைசி வருடம். கணவருக்கும் படிப்பு முடியட்டும் என்றுதான் எண்ணம். மாமியார் மாதா மாதம் காலண்டரைப் பார்க்கிறார். முதல் குழந்தைக்கு முன் மாத்திரை சாப்பிட்டால் பிறகு குழந்தையே வராதா?
வாசகி, பொன்னமராவதி

பதில்: வரும். மாலா-என், சாயா, ஆணுறை எதுவும் மலட்டுத்தன்மை தராது. மாலா-என் தினம் சாப்பிடவேண்டியது, விடுதிக்கும் வீட்டுக்கும் அலைகிறவருக்கு மறந்துபோகும். சாயாவில் ஹார்மோன் இல்லை. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மாத்திரை அது, கடைகளில் சஹேலி என்ற பெயரில் விற்றார்கள். டாக்டரை ஒரு முறை பார்த்து, நீர்க்கட்டி, மஞ்சள்காமாலை போன்ற கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

தீட்டின் முதல் நாள் முதல் மாத்திரை. அன்று ஞாயிறு என்றால் அந்த வாரம் புதனுக்கு இரண்டாவது. இப்படி வாரம் இரண்டு, மூன்று மாதத்துக்கு. நான்காவது மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். தீட்டு சிலருக்குக் குறையும், சிலருக்கு நாள் தள்ளும். இங்கேதான் உங்களுக்குச் சிக்கல். நாள் தள்ளினால் மாமியார் பாயசம் வைத்துவிடுவார், இல்லையென்று தெரிந்ததும் முகம் சுருங்கும். அதனால் அவரிடம் பேசவேண்டியது உங்கள் கணவர். “அம்மா, பரீட்சை முடியட்டும், நான்தான் சொன்னேன்” என்று அவர் வாயால் வந்தால் வீட்டில் பாதி பேச்சு நின்றுவிடும். 15 நாளுக்கு மேல் தள்ளினால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பில்லாமல் போய்விட்ட ஒரு நாளுக்கு அவசர மாத்திரை உண்டு, 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கடைக்காரர் இல்லை என்று முறைத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கொடுக்கவேண்டியது அது. அடிக்கடி அதையே நம்பியிருக்காதீர்கள். சாயா ஆரம்பித்தால், முதல் மூன்று மாதம் ஆணுறையையும் சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது.